மேட்டுக்காட்டார் அபிசீனியாவை எடுத்துக்கொண்ட விவகாரம்

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: ஹெட்மாஸ்டர் சுவாமிநாதன், தமிழ்ப் பண்டிதர் பாலசுந்தரம், கிராம மணியக்காரர் செல்லமுத்து, கிரேட் பிரிட்டனாகப் பள்ளிக்கூடக் காரியதரிசியின் மகன், பிரான்சாக அரிசி மில்காரர் மகன், இத்தாலியாக என் தம்பி மகன் வெள்ளியங்கிரி, அபிசீனியாவாகப் பக்கத்துக் காட்டுச் செங்கோடனின் மகன் சென்றாயன், சுவீடன் முதல் சீனா வரை மற்ற நாடுகளாக ஐந்தாம் பாரத்துப் பையன்களும் ஆறாம் பாரத்துப் பையன்களும், அவர்கள் போதாமல் நாலாம் பாரத்திலிருந்து இரவல் வாங்கிய சிலரும், கடைசி பெஞ்சியில் செங்கோடனும் நானும். பெல்ஜியத்துக்கு அன்று அம்மை போட்டிருந்தது. வரவில்லை.

இதை முதலிலேயே எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. அன்று அங்கே இல்லாதவர்கள்தான் இன்றைக்கு அதிகமாகப் பேசுகிறார்கள்.

எங்கள் வீட்டை மேட்டுக்காட்டார் வீடு என்பார்கள். புதுச்சத்திரத்தில் கிழக்கே பிரியும் வண்டித் தடத்தில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். ஊரில் ஒரு வழக்கு என்றால் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். எங்கள் வழக்கைப் பேச யாரும் கூடியதில்லை. எங்கள் காட்டுக்குத் தெற்கே செங்கோடனின் காடு. நடுவில் ஒரு வரப்பு. வேலி கிடையாது. வேண்டியிருக்கவில்லை.

என் தம்பி காலமானபோது மனைவி கந்தம்மாளையும் இரண்டு குழந்தைகளையும் என்னிடம் விட்டுப் போனான். மூத்தவள் குஞ்சம்மாள். அவளைச் சங்ககிரிப் பக்கம் காளியப்பன் வீட்டுக்கு நிச்சயம் செய்திருந்தேன். தை மாதம் கல்யாணம். எனக்கு இந்த விவகாரத்தில் வேண்டியிருந்தது அந்த ஒரு கல்யாணம்தான். உலகத்தைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. உலகம்தான் என் வீட்டுக்குள் வந்தது.

பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். மானம் எல்லோருக்கும் பொது. அந்த வருஷம் ஆயுத பூஜை கழிந்ததும் பெற்றோரை எல்லாம் வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். கூடத்துச் சுவரில் உலகப் படம் மாட்டியிருந்தது. பண்டிதர் எழுந்து அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளை இனி நாங்கள் வெறுமனே பாஸ் செய்யவைக்கப் போவதில்லை. அவர்கள் ஒவ்வொருவரையும் உலகக் குடிமகன் ஆக்கப் போகிறோம்."

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்தது. எங்கள் பக்கத்தில் குடிமகன் என்றால் முகம் மழிக்கிறவர். கல்யாணப் பந்தலில் நின்று மங்கல வாழ்த்துச் சொல்கிறவரும் அவரே. அவர் வாழ்த்தாமல் எங்களில் ஒரு தாலியும் ஏறாது. எங்கள் ஊருக்குப் பெரியண்ணன் குடிமகன். அதற்காக அவன் தொழிலுக்கு எங்கள் பையன்களை யாரும் சம்பளம் கட்டி அனுப்பியிருக்கவில்லை.

"ஏனுங்க," என்று மணியக்காரர் செல்லமுத்து எழுந்தார். "எங்க பசங்க குடிமகன் ஆவோணும்னா பெரியண்ணன் ஊட்டுக்கே அனுப்பிச்சிருப்பமுங்களே. அவன் பீஸு கேக்க மாட்டானுங்க."

"ஐயா, பிரஜை என்பது வடசொல். குடிமகன் என்பது செந்தமிழ். உலகம் முழுவதற்கும் கடமைப்பட்டவன் என்று பொருள்."

செங்கோடன் வெள்ளந்தி. சத்தமாகவே சந்தேகம் கேட்டான். "உலகம் முழுசும்னா நெம்பத் தலையாச்சுங்களே. ஒரு கத்தி தாங்குமுங்களா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அங்கே இல்லாத பெரியண்ணனுக்கு மட்டும் அது சிரிப்பாக இல்லை. சேதி கேட்டதும் ஓடி வந்து, "அத்தன பேரும் தொழிலுக்கு வந்துட்டா நா எங்கீங்க போறது சாமி?" என்று என்னிடம் முறையிட்டான்.

பிறகு ஹெட்மாஸ்டர் பேசினார். அவர் எப்போதும் உலகப் படத்தைப் பார்த்துத்தான் பேசுவார். எங்களைப் பார்த்துப் பேசியதில்லை.

"நேற்றுவரை நம் மாணவன் என்ன செய்தான்? தன் ஊர் ஏரி உடைந்தால் கவலைப்பட்டான். பக்கத்து வீட்டில் காய்ச்சல் என்றால் விசாரித்தான். இது குறுகிய மனப்பான்மை. இனிமேல் அவனுக்கு ஏரி தெரியாது, காய்ச்சல் தெரியாது. ஜெனீவா தெரியும். அங்கே சர்வதேச சங்கம் எதைச் செய்கிறதோ, அதை அடுத்த வாரம் நம் கூடத்தில் நாமும் செய்வோம். ஜில்லாவிலேயே இப்படி ஒரு பள்ளிக்கூடம் இல்லை என்று இன்ஸ்பெக்டர் எழுதியே தீர வேண்டும்."

அங்கேயே நாடுகளைப் பங்கிட்டார்கள். கிரேட் பிரிட்டன் காரியதரிசி வீட்டுக்குப் போயிற்று. அதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. முழுச் சம்பளம் கட்டுகிறவர்களுக்கு வல்லரசு. அரைச் சம்பளப் பையன்களுக்கு மீதி. சென்றாயன் அரைச் சம்பளம். ஆகையால் அபிசீனியா. வெள்ளியங்கிரியைக் கூப்பிட்டு ஹெட்மாஸ்டர் காலைப் பார்த்தார்.

"இத்தாலி தேசம் படத்தில் பூட்ஸ் வடிவத்தில் இருக்கிறது. இந்த வகுப்பில் பூட்ஸ் போட்டவன் இவன் ஒருவன்தான். இவனே இத்தாலி."

அந்தப் பூட்ஸை சேலத்தில் அளவு கொடுத்துத் தைத்து வாங்கியவன் நான். தகப்பன் இல்லாத பிள்ளை என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக.

கார்த்திகையில் கூடிய சபையைத்தான் முதலில் சொன்னேன். பையன்கள் காகிதத்தைப் பார்த்து இங்கிலீஷில் படித்தார்கள். இத்தாலி அபிசீனியாவுக்குள் புகுந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. பேப்பரிலும் அப்படித்தான் இருந்ததாக மணியக்காரர் சொன்னார். கடைசியில் ஹெட்மாஸ்டர் இத்தாலியை எழுந்து நிற்கச் சொன்னார்.

"உன் சமாதானம் என்ன?"

"நான் சும்மா உட்கார்ந்திருந்தேன் சார்."

"இத்தாலியும் அப்படித்தான் சொல்கிறது," என்று ஹெட்மாஸ்டர் எழுதிக்கொண்டார்.

சென்றாயன் அழுதுகொண்டிருந்தான். அவனும் வெள்ளியங்கிரியும் ஒரே கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். நண்பனை எழுப்பி நிற்க வைத்ததற்காக அழுதான். "அபிசீனியா நன்றாகச் செய்கிறது," என்றார் ஹெட்மாஸ்டர். கைகள் உயர்ந்தன. ஐம்பது நாடுகள் சம்மதித்ததாக அறிவித்து, இத்தாலிக்கு 'சாங்ஷன்' என்று இங்கிலீஷில் தீர்ப்புச் சொன்னார்.

நான் முன் பெஞ்சியில் இருந்த மணியக்காரரிடம் குனிந்து, "சாங்ஷன்னா என்னுங்க?" என்றேன்.

"தெரியாதுங்களா? போன வருசம் உங்க கெணத்துக் கடன் சாங்ஷன் ஆச்சே, அதேதான். சர்க்கார் சரீன்னு சொல்றது. பையனுக்குப் பெரிய எடத்துல இருந்து ஏதோ சாங்ஷன் ஆயிருக்குது. எழுந்திரிங்க, நின்னு கும்புடுங்க."

எழுந்து கும்பிட்டேன். செங்கோடனைக் கடைக்கு அனுப்பிக் கற்கண்டு வாங்கி வரச் செய்து எல்லா நாடுகளுக்கும் கொடுத்தேன். ஹெட்மாஸ்டரும் ஒரு கட்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

விவகாரம் கூடத்தோடு நின்றிருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் உலக அறிவைக் கிராமத்துக்குக் கொண்டுபோவது அந்தப் பயிற்சியின் இரண்டாம் பாகமாம். தீர்மானத்தைச் செந்தமிழில் ஆக்கும் பொறுப்பைப் பண்டிதர் ஏற்றார். 'சாங்ஷன்' என்பதற்கு அவர் தேடிக் கண்டுபிடித்த சொல் 'ஊர்க்கட்டு'. மணியக்காரர் தண்டோராவுக்கு உத்தரவு கொடுத்தார். செவ்வாய்ச் சந்தையில், கூட்டம் நிறைந்த நேரத்தில், தமுக்கு அடித்துச் சொன்னது இதுதான்:

"இத்தாலியாகிய மேட்டுக்காட்டு வெள்ளியங்கிரி, அபிசீனியாவாகிய செங்கோடன் மகன் சென்றாயன் பூமியில் அத்துமீறிப் புகுந்தபடியால், ஐம்பது நாட்டாரும் கூடி இத்தாலிக்கு ஊர்க்கட்டு விதித்திருக்கிறார்கள். கொடுக்கல் வாங்கல் கூடாது!"

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு நாடு என்றால் கடலுக்கு அப்பால் இருப்பது அல்ல. ராசிபுர நாடு, பூந்துறை நாடு என்று கொங்கு தேசத்துக்கே இருபத்து நாலு நாடு. நாட்டார் என்றால் அந்தந்த நாட்டின் பெரியவர்கள். அவர்கள் கூடி ஒரு குடும்பத்தைக் கட்டிவிட்டால், அந்த வீட்டுக்கு நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை, வெளுப்பவர் இல்லை, கோயில் இல்லை, குடிமகன் இல்லை. ஒரு நாட்டார் கட்டினாலே தலையெடுக்க முடியாது. ஐம்பது நாடு! இருக்கிறதே இருபத்து நாலு. மிச்ச நாட்டாரை எங்கிருந்து வரவழைத்தார்கள்? அத்தனை தூரத்திலிருந்து கிளம்பி வந்து கட்டும்படி மேட்டுக்காட்டார் என்னதான் செய்திருப்பார்கள்? சந்தை முழுக்க இதே பேச்சு. எங்கள் பண்ணையாள் வாங்கிய உப்பைக் கடைக்காரர் திரும்பக் கொட்டிக்கொண்டார்.

செங்கோடன் மூச்சு வாங்க வந்தான்.

"அண்ணா, நீங்க என்ற காட்டை எடுத்துக்கிட்டீங்களாமா?"

"யார்ரா சொன்னது?"

"தமுக்கடிச்சுச் சொல்றாங்கண்ணா. எப்ப எடுத்தீங்க? காலைல கூட நாந்தானே ஏர் ஓட்டிட்டு வாரேன்."

"எடுக்கலைடா."

"அதானே பாத்தேன்," என்று போனவன் வாசல்வரை போய்த் திரும்பினான். "எடுக்கலீன்னா ஏனுங்கண்ணா அம்பது நாட்டாரு சொல்றாங்க?"

அடுத்த வாரம் வெளுக்க வரும் ஆத்தாயி வரவில்லை. துணி மூட்டை வாசலிலேயே கிடந்தது. ஆள் அனுப்பினேன். அவளே தூரத்தில் வேலியோரம் வந்து நின்று சொன்னாள்: "சாமி, உங்க துணியத் தொட்டா அல்லாரு துணியும் எனக்கு இல்லாமப் போயிருமுங்க. நீங்களே சொல்லுங்க, உங்க ஒரு ஊட்டு அழுக்குல நா பொழைக்க முடியுமுங்களா?" பெரியண்ணன் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்தே, "ஒடம்புக்கு முடியலீங்க சாமி," என்றான். என் முகத்தில் தாடி வளர்ந்தது. ஊர் முழுவதும் குடிமகன் ஆக்கப் புறப்பட்ட பள்ளிக்கூடம், என் வீட்டுக்கு இருந்த ஒரு குடிமகனையும் இல்லாமல் செய்துவிட்டது.

தைக் கல்யாணத்துக்கு அவன் இல்லாமல் பந்தல் போட முடியாது. அதற்கு முன்பே சங்ககிரியிலிருந்து சேதி வந்தது: கட்டு எடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நான் அப்படி எங்கேயும் போனதில்லை. ஹெட்மாஸ்டர் நாற்காலி கொடுத்தார்.

"உங்கள் கிராமம் இவ்வளவு ஒழுங்காக ஒத்துழைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை," என்றார். "ஜெனீவாவில்கூட எண்ணெய்க்குத் தடை போடத் தைரியம் வரவில்லை. உங்கள் கடைக்காரர் மண்ணெண்ணெயையே நிறுத்திவிட்டாராமே! ரிப்போர்ட்டில் சேர்த்துவிட்டேன்."

"ஏனுங்க, எம் பொண்ணுக்குக் கல்யாணம் நின்னு போச்சுங்க. தமுக்கைத் திருப்பி அடிச்சு, இது பசங்க வெளையாட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

"விளையாட்டா?" அவர் முகம் கறுத்தது. "இன்ஸ்பெக்டர் வாசித்துப் பாராட்டிய காரியத்தை விளையாட்டு என்று நான் எப்படிச் சொல்வது? நாளைக்கு மாணவர்கள் சர்வதேச சங்கமே விளையாட்டு என்று நினைத்துவிட மாட்டார்களா?"

"அப்ப கட்டை எடுங்க."

"இத்தாலி வெளியேறினால் எடுக்கலாம்."

வெள்ளியங்கிரியை வரவழைத்தேன். அவன் கை கட்டி நின்று, "அபிசீனியாவை விட்டு வெளியேறிவிட்டேன் சார்," என்றான்.

ஹெட்மாஸ்டர் அன்றைய பேப்பரைப் பிரித்துப் பார்த்துவிட்டு மடித்தார். "நீ வெளியேறியிருக்கலாம். இத்தாலி வெளியேறவில்லை. பொய் சொல்ல இந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுப்பதில்லை."

"அவனுக்கு வேற நாடு குடுங்க சாமி. எதுனாலும் சரி, சின்ன நாடு போதும்."

"குற்றம் செய்த நாடு பெயர் மாற்றிக்கொள்ள முடியுமா?"

"அவனைப் பள்ளிக்கூடத்தை உட்டே நிறுத்திக்கிறனுங்க."

"நிறுத்தினால் இத்தாலி சங்கத்திலிருந்து ஓடிவிட்டது என்று ஆகும். அதற்கும் தண்டோரா போட வேண்டிவரும்."

மணியக்காரர் செல்லமுத்துவிடம் போனேன். அவரும் நானும் ஒரே வயது. அவர் என்னைப் பார்க்காமல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். "மச்சான், தப்புன்னு எனக்கும் தெரியும். ஆனா அடிச்சது சர்க்கார் தமுக்கு. போன தமுக்கு தப்புன்னு இந்தத் தமுக்குல சொன்னா, நாளைக்குக் கிஸ்தி கட்டச் சொல்லி அடிக்கறப்ப எவன் நம்புவான்? உங்களுக்காவ ராஜாங்கத்தையே பொய்யாக்கச் சொல்றீங்களா?"

ஆக, ஜெனீவா எடுத்தால்தான் புதுச்சத்திரத்தில் எடுப்பார்கள் என்று ஆயிற்று. தினமும் மணியக்காரர் வீட்டு வாசலில், உள்ளே நுழையாமல், பேப்பருக்காக நின்றேன். அபிசீனியாக்காரர்கள் மலையில் நின்று சண்டை போடுகிறார்கள் என்று படித்துச் சொல்வார். ஒரு நாள் அவர்கள் நன்றாக எதிர்த்ததாகப் போட்டிருந்தது. அன்று நான் சாப்பிடவில்லை. அவர்கள் எதிர்க்க எதிர்க்க, குஞ்சம்மாளின் முகூர்த்தம் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. மாசி போயிற்று. பங்குனியில் கரியகாளியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று, அந்தத் தேசம் சீக்கிரம் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அந்த ராஜா எனக்கு ஒரு கெடுதலும் செய்தவர் அல்ல. அவர் வீட்டிலும் பெண் குழந்தைகள் இருந்திருக்கும். அம்மனிடம் பெயரை மட்டும் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால் கந்தம்மாள் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் மருமகளாக வந்த நாளிலிருந்து என்னிடம் நேராகப் பேசியதில்லை. எங்கள் வழக்கம் அது. சொல்ல வேண்டியதைப் பிள்ளைகளிடம் சொல்வாள், எனக்குக் கேட்கும். அன்று பிள்ளைகள் யாரும் இல்லை. இருந்தும் பேசினாள்.

"பையன் இத்தாலிங்கறாங்க. அவன் சிநேகிதன் என்னமோ சீனியாங்கறாங்க. எம் புள்ள குஞ்சு எந்த நாடுங்க? அவ என்னுங்க பண்ணுனா?"

குஞ்சம்மாள் எந்த நாடு என்பது ஹெட்மாஸ்டருக்குத் தெரிந்திருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

சித்திரை கடைசியில் அபிசீனியாவின் தலைநகரம் விழுந்தது. பேப்பரைப் பிடித்திருந்த மணியக்காரர் என் தோளைத் தட்டினார். ஓடினேன். பள்ளிக்கூடம் கோடை லீவில் பூட்டியிருந்தது. உலகம் முழுவதும் உள்ளே, படமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சாவி ஹெட்மாஸ்டரிடம். ஹெட்மாஸ்டர் கும்பகோணத்தில், மாமனார் வீட்டில்.

வைகாசி முகூர்த்தங்கள் எல்லாம் மற்றவர்கள் வீட்டில் நடந்தன. வடக்கே மேளச் சத்தம் கேட்டால் கந்தம்மாள் குஞ்சம்மாளைக் கிணற்றடிக்கு வேலை சொல்லி அனுப்புவாள். காளியப்பன் ஆனிவரை காத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார். ஆடியில் கல்யாணம் இல்லை. ஆவணியில் அவர் மகனுக்கு வேறு பெண் பார்த்துவிடுவார்.

ஆனி நடுவில் பேப்பரில் வந்தது: ஜெனீவா தடையை எடுக்கத் தீர்மானித்துவிட்டது. மறுநாளே சபை கூடியது. ஹெட்மாஸ்டர் உலகப் படத்தைப் பார்த்துப் பேசினார். அந்தப் பேச்சை நான் ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை.

"மாணவர்களே, இன்று நாம் கற்கும் பாடம் மிக உயர்ந்தது. இத்தாலி அபிசீனியாவில் கொஞ்சம் எடுத்தவரை அது குற்றம். முழுவதையும் எடுத்துக்கொண்ட பிறகு அது நிலவரம். குற்றத்தைக் கண்டிக்கலாம். நிலவரத்தைக் கண்டிப்பது மரியாதை ஆகாது. ஆகவே ஊர்க்கட்டு நீங்குகிறது. உலக சமாதானம் நம் கண் முன்னால் மீண்டும் நிலைநாட்டப்பட்டது. கை தட்டுங்கள்."

கை தட்டினார்கள். கிரேட் பிரிட்டன் முதலில் தட்டியது. பிறகு ஹெட்மாஸ்டர் சென்றாயனைப் பார்த்தார்.

"இல்லாத நாட்டுக்குச் சபையில் இடம் கிடையாது. நீ வெளியே நில்."

"எத்தனை நேரம் சார்?"

அதைப் பற்றி ஜெனீவாவிலிருந்து எதுவும் வரவில்லை. சென்றாயன் புளியமரத்தடியில் போய் நின்றான். மறுநாளும் அவனை உள்ளே விடவில்லை. அதற்கு மறுநாள் அவன் போகவில்லை.

தமுக்கு மீண்டும் அடித்தது. மறுபடி பண்டிதரின் தமிழ். "இத்தாலியாகிய மேட்டுக்காட்டார் அபிசீனியா பூமி முழுவதையும் எடுத்துக்கொண்டு முடித்தபடியால், ஐம்பது நாட்டாரும் ஒப்புக்கொண்டு ஊர்க்கட்டை நீக்கியிருக்கிறார்கள்!"

அன்று மாலையே ஆத்தாயி மூட்டையை எடுத்துப் போனாள். பெரியண்ணனுக்கு உடம்பு சரியாகிவிட்டது. கத்தியைத் தீட்டிக்கொண்டே வந்து என் தாடியை எடுத்தான். நான் சந்தைக்குள் நடந்தபோது உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். முன்பும் எழுவார்கள். இப்போது அவசரமாக எழுந்தார்கள்.

காளியப்பன் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. கூட ஒரம்பரைகள், அவருடைய சொந்தக்காரர்கள். செங்கோடனும் எங்கள் வாசலில் இருந்தான்; கல்யாணப் பந்தலுக்கு மூங்கில் வெட்டிக் கொண்டுவந்திருந்தான்.

"மச்சான்," என்றார் காளியப்பன், "நாங்கூட உங்களை என்னமோன்னு நெனச்சுட்டேன். எடுத்த காட்டைத் திருப்பிக் குடுக்காமயே கட்டை எடுக்க வெச்சுட்டீங்களே! இப்படி ஒரு ஊட்டை எங்க நாட்டுலயே நா பாத்ததில்லை."

"நாங்க எதையும் எடுக்கலைங்க," என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. "எடுக்கலியா?"

"அது ஆப்பிரிக்காவுல இருக்குது. பள்ளிக்கூடத்துப் பசங்க பாடம்."

"மச்சான், அம்பது நாட்டாரு பாடத்துக்கா கட்டுனாங்க?" அவர் தன் ஒரம்பரைகளைப் பார்த்தார். "காட்டுத் தகராறுன்னா அது ஆம்பளைங்க சமாச்சாரம், எல்லா ஊட்லயும் இருக்கறதுதான். காட்டுக்காவ இல்லீன்னா அப்பறம் எதுக்காவ கட்டுனாங்க? ஊட்ல வயசுப் பொண்ணு இருக்குது... வேற ஏதாச்சும் சங்கதியா? சொல்லிப்போடுங்க. இப்பவே சொல்லிப்போட்டா எங்களுக்கும் மரியாதை, உங்களுக்கும் மரியாதை."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

மேட்டுக்காட்டார் வீட்டில் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னேன், அது என் வீட்டுப் பெண்ணின் மேல் போய் விழுந்தது. வாசலில் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காளியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார், கிளம்புகிறவரின் தோரணை.

செங்கோடன் மூங்கிலைக் கீழே வைத்தான்.

"எடுத்துக்கிட்டாருங்க," என்றான்.

காளியப்பன் திரும்பினார். "நீங்க யாருங்க?"

"நாந்தானுங்க செங்கோடன். அந்தக் காடு என்றதுதானுங்க. பூராவும் எடுத்துக்கிட்டாருங்க. வரப்பைக்கூட உடலீங்க. வெளிய சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு இல்லீங்கறாரு. அவரு கொணம் அப்படி."

காளியப்பனுக்கு மூச்சு வந்தது. என் முதுகில் ஓங்கித் தட்டினார். "பாத்தீங்களா! பறிகுடுத்தவனே பந்தலுக்கு மூங்கில் சொமக்கறான்! ஆம்பளைன்னா இப்படி இருக்கோணும்!"

நான் செங்கோடனைப் பார்த்தேன். அவன் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். குஞ்சம்மாள் பிறந்தபோது நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை தொட்டு வைத்தது அவன் மனைவி உண்ணாமலை. நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனி கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. பெரியண்ணன் வாழ்த்துச் சொன்னான். குரல் நன்றாக இருந்தது. இன்ஸ்பெக்டரும் ஹெட்மாஸ்டரும் வந்திருந்தார்கள். ஹெட்மாஸ்டர் மாப்பிள்ளையிடம், சர்வதேசப் பயிற்சி கிராமங்களில் ஒற்றுமையை வளர்த்திருப்பதற்கு இந்தப் பந்தலே சாட்சி என்று சொன்னார். இன்ஸ்பெக்டர் அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த வருஷத்துக்குப் பயிற்சியை விரிவுபடுத்த உத்தரவாயிற்று. அதற்கு ஸ்பெயின் தேவைப்பட்டது. அண்ணனும் தம்பியும் சண்டை போடுவதற்கு ஒரே வீட்டிலிருந்து இரண்டு பையன்கள் கேட்டார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு சம்பந்தி வீட்டார் மாதம் ஒருமுறையாவது வந்து போனார்கள். அவர்கள் வண்டி வரும் தடம் செங்கோடன் காட்டை ஒட்டித்தான் வருகிறது. அவன் ஏர் ஓட்டுவதை ஒரு நாள் காளியப்பன் பார்த்துவிட்டு, "பறிகுடுத்த காட்டுலயே கூலிக்கு வெச்சிருக்கீங்களா, பலே!" என்று என்னிடம் சொன்னார். அதன்பிறகு அவர்கள் வருகிற நாளில் செங்கோடன் ஏரைக் கட்டவில்லை. அவர்கள் எந்த நாளில் வருவார்கள் என்பது தெரியாததால், மற்ற நாளிலும் கட்டவில்லை. நான் வெள்ளியங்கிரியை அனுப்பினேன். நானே போனேன். "இருக்கட்டுங்கண்ணா. புள்ள நல்லா இருக்கட்டும்," என்றான். தை பிறப்பதற்குள் உண்ணாமலையையும் சென்றாயனையும் கூட்டிக்கொண்டு, அம்மாபேட்டையில் தறிக்காரர் ஒருவரிடம் பாவு சுற்றும் வேலைக்குப் போய்விட்டான். வெள்ளியங்கிரி அதற்குப் பிறகு பூட்ஸ் போடவில்லை. பரணில் கிடக்கிறது.

செங்கோடன் காட்டை மேட்டுக்காட்டார் எடுத்துக்கொண்டார்கள் என்று இன்னமும் ஒரு பேச்சு இருந்து வருகிறது. அது தவறு. காடு செங்கோடன் பேரில்தான் இருக்கிறது. எங்கள் ஏர் அதில் இறங்கியதில்லை. வேறு யாருடைய ஏரும் இறங்கவில்லை.